மயிலு ஏறுனா மிஸ் அடிச்ச பிளசரு

...அதான் நானும் கேக்குறேன், ஃப்ரிட்ஜு நின்னு போனதுக்கு வந்த மருமக என்னத்தா பண்ணுவா? மூணாவது வீட்டுக்காரி காலையில கீரைக்காரிகிட்ட நின்னு சொல்லிக்கிட்டு இருக்கா, "அவ வந்து கைய வச்ச நேரம், குளுகுளுன்னு இருந்த பொட்டி கொதிக்கிது"ன்னு. அந்தப் பொட்டி வாங்குனது எப்பன்னு எனக்குல்ல தெரியும். அது நிக்காம வேற என்ன பண்ணும்? கீரைய வாங்கிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன். நீ ஏன்த்தா செல்வி நின்னுக்கிட்டே இருக்க, உக்காரு. அந்த முக்காலிய இங்கிட்டு இழுத்துப் போடு. ஒரு காலு ஆடும், சொவத்துப் பக்கமா சாச்சுக்க.

வேல எப்புடிப் போகுது? பைபாஸ்ல அம்புட்டுப் பெரிய பட்டறையாமே. கம்ப்யூட்டர வண்டியில சொருகுனா அதுவே கோளாறச் சொல்லிருமாமே. நல்லதுத்தா. நான் பட்டறையில கெடந்த காலத்துல அது இருந்திருந்தா எம்முட்டி இப்புடி வலிக்காது. ஆனா ஒண்ணு. அது வண்டியத்தான் பாக்கும். வண்டியில வந்தவுக மூஞ்சிய யாரு பாக்குறது? நீதான் பாக்கணும். இந்த ஃப்ரிட்ஜுப் பேச்சக் கேட்டதுலருந்து எனக்கு மயிலு ஞாபகமாவே இருக்கு. சொல்றேன் கேளு. உங்கூடப் புதுசாச் சேந்திருக்கிற பிள்ளைககிட்டயும் போயிச் சொல்லு. தொழில் கத்துக்கிறவுக கேக்க வேண்டிய சங்கதிதான்.

எமர்ஜென்சி முடிஞ்ச சமயம்னு வையி. காளவாசல்ல இப்ப இருக்கிற மாதிரி கடையும் கண்ணியும் கெடையாது. ரோட்டுல படுத்து உருண்டாலும் ஒரு வண்டி வராது. நான் கீழக்குயில்குடியில களையெடுத்துக்கிட்டு இருந்தவ. மழை மாத்தி மாத்தி ஏமாத்துச்சு, வயக்காட்டு வேல இல்லாம போச்சு. காளவாசல்ல ஒரு காரு பட்டறையில மண்ணெண்ணெய்ச் சட்டியில சாமான் கழுவ ஆளு வேணும்னாக. ஆம்பளைக எவனும் அந்த வேலையில நிக்கல, தோலு உரியுதுன்னு ஓடிட்டாங்க. நான் நின்னேன். சேத்துலயும் வெயில்லயும் கெடந்த கைக்கு மண்ணெண்ணெய் ஒரு பொருட்டா? எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, பஸ்ஸக் கூட கலரப் பாத்து, கண்டக்டரக் கேட்டுத்தான் ஏறுவேன். கழுவிக் கழுவி எந்தச் சாமான் எங்க உக்காரும்னு கைக்குப் பழகிப் போச்சு. அப்புறம் பிளக்கு தேய்க்க, வயரு மாட்டன்னு மெல்ல மெல்ல ஏறிக்கிட்டேன். எங்க வீட்டுக்காரரு கூட ஆரம்பத்துல, "பொம்பளைக்கு எதுக்கு இஞ்சினு சோலி"ன்னாரு. அப்புறம் அவரு சைக்கிள் செயினு அந்து போச்சுன்னா என்கிட்டதான் கொண்டாந்து நிறுத்துவாரு. அத விடு.

பட்டறையில பெரிய மெக்கானிக்கு ஒருத்தரு இருந்தாரு. எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்புடுவோம், நானும் அண்ணேன்னே சொல்றேன். வாயில வெத்தலை இருக்கும். கேட்டதுக்கு "ம்" இல்லாட்டி "ம்ஹூம்". அம்புட்டுத்தான் பேச்சு. ஆனா வண்டி வந்து நின்னா மட்டும் வெத்தலையத் துப்பிட்டு வந்து பேசுவாரு. பானட்டத் தொறக்குறதுக்கு முன்னாடி, எங்க போனீக, என்ன ஏத்துனீக, எந்த எடத்துல மக்கர் பண்ணுச்சு, எல்லாம் கேப்பாரு. கேட்டு முடிச்சுத்தான் கைய வெப்பாரு.

நம்ம கருப்பையா வாடகைப் பிளசரு வச்சிருந்தான். அப்ப காருன்னு யாரு சொன்னா, பிளசருதான். கறுத்த வண்டி, தொடச்சுத் தொடச்சு மூஞ்சி பாக்கலாம். ஒரு ஜவுளிக்கடை மொதலாளிக்கு மாசத்துக்குப் பேசி விட்டிருந்தான். காலையில ஒத்த ஆளக் கொண்டுபோயி விடணும், சாயங்காலம் ஒத்த ஆளக் கூட்டியாரணும், இடையில பேங்குக்குப் போகணும். நோகாத வேல. அவனுக்குச் செக்கானூரணிப் பக்கத்துலருந்து பொண்ணு எடுத்தாக. அதான் மயிலு. நல்ல கருத்த பிள்ளை, பேசுறதே காதுல விழாது. அவ வந்த கையோட வண்டி மிஸ் அடிக்க ஆரம்பிச்சிருச்சு.

மிஸ் அடிக்கிறதுன்னா உனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லு. நல்ல இஞ்சினு ரெண்டு பொம்பளைக மாத்தி மாத்தி உரல்ல குத்துற மாதிரி ஒரே சீராக் கேக்கும். மிஸ் அடிச்சா ஒருத்தி கைய விட்டுட்ட மாதிரி ஒரு குத்து விட்டுப் போகும். வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். நொண்டி நடக்கும்.

கருப்பையா ஓயாம பட்டறைக்கு வந்தான். அண்ணே வாங்கி ஓட்டிப் பாப்பாரு, பட்டு மாதிரி ஓடும். அவன் கொண்டு போவான், ஒரு வாரத்துல மறுபடியும் வந்து நிப்பான். கார்ப்ரேட்டரக் கழட்டிக் கழுவுனோம். பிளக்க மாத்துனோம். பெட்ரோல் வார கொழாய வாய வச்சு ஊதுனோம். நீ இப்ப வயரப் பாக்கலையான்னு கேப்ப. பிளக்குக்குப் போற வயரு புதுசுத்தா. கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணே கையாலயே மாட்டுனது. மேல பாத்தா கருகருன்னு மினுங்கும். அதப் போயி யாரு சந்தேகப்படுவா.

ஆனா வீட்டுல வேற கணக்கு ஓடிக்கிட்டு இருந்துருக்கு. கருப்பையாவோட ஆத்தா வீராயி, நல்ல ஆகிருதியான பொம்பளை, மூக்குப்பொடி போடும். அது என்ன கண்டுபிடிச்சிருச்சுன்னா, மயிலு ஏறுனாத்தான் வண்டி நொண்டுது. குடும்பத்தோட திருப்பரங்குன்றத்துக்குப் போனாக, மயிலு ஏறுனா, பாதி வழியில நொண்டுச்சு. சொந்தக்காரக வீட்டுக் காதுகுத்துக்குப் போனாக, மயிலு ஏறுனா, நொண்டுச்சு. கருப்பையா தனியா மொதலாளிய ஏத்திக்கிட்டுப் போனா ஒண்ணும் இல்ல. பாத்தியா, நம்மளும் அந்த எடத்துல இருந்தா அப்புடித்தான் நெனைப்போம். சும்மா சொல்லக் கூடாது, அந்தம்மா பாத்தது பாத்ததுதான். பாத்ததுக்கு ஒட்டுன காரணம்தான் வேற.

ஒரு நா காலையில பத்து மணி வாக்குல, ரோட்டுல நொண்டிச் சத்தம் கேக்குது. நான் சட்டியில கைய விட்டபடியே, "கருப்பையா வாரான்"னு சொன்னேன். வந்தான். வண்டியப் பாத்ததும் சட்டிய விட்டு எந்திரிச்சுட்டேன். பின்னாடி டிக்கி மூடல, கயித்தப் போட்டுக் கட்டியிருக்கு. உள்ள ஆட்டுக்கல்லு. பின்சீட்டுல பித்தளை அண்டா, கொடம், குத்துவெளக்கு, டிரங்குப் பொட்டி, அதுக்கு நடுவுல மயிலு. முன்சீட்டுல வீராயி. பொறந்த வீட்டுக்குப் பொண்ணச் சும்மாக் கூட்டிட்டுப் போறவுக ஆட்டுக்கல்ல ஏத்திக்கிட்டா போவாக? சீரு சாமானோட திருப்பி விடப் போறாக. சாமான் வீடு போயிச் சேந்துருச்சுன்னா அப்புறம் பொண்ணு திரும்புறது எங்க?

அண்ணே வெத்தலையத் துப்பிட்டு வந்தாரு. "எங்கம்மா போறீக?"

"எடுத்த எடத்துல வைக்கப் போறோம்"னு வீராயி சொல்லுச்சு. "பாத்தீகளா, கொண்டுபோயி விடுறதுக்குக் கூட வண்டி ஒத்துக்கிற மாட்டேங்குது. அம்புட்டு ராசி."

"ஆத்தா, செத்த பேசாம இரு"ன்னான் கருப்பையா. அவன் மூஞ்சியப் பாக்கவே சகிக்கல. ஆத்தா சொன்னா எதுத்துப் பேசுற ஆளு இல்ல. வண்டி போச்சுன்னா சோறு போச்சு, அந்தப் பயத்துல ஆத்தா சொல்றதையும் பாதி நம்பிட்டான்னு நெனைக்கிறேன்.

நான் மயில எறக்கி ஒரு பழைய டயருல உக்கார வச்சுத் தண்ணி குடுத்தேன். செம்ப வாங்கக் கைய நீட்டுறா, அம்புட்டு நேரமும் ரெண்டு கையையும் அக்குளுக்குள்ள வச்சு இறுக்கிக் கட்டியிருந்திருக்கா, வெரலெல்லாம் மரத்துக் கெடக்கு.

"ஏன் ஆயி, கைய இப்புடி வச்சிருக்க?"

"வண்டியில படாம வச்சிக்கிட்டேன்க்கா. நான் எதையும் தொடுறதே இல்ல. கதவக் கூட அவுகதான் தொறந்து விடுவாக. அப்புடியும் ஏன்க்கா நின்னு போகுது?"

நேரா அண்ணேகிட்டப் போனேன். "அண்ணே, இந்தப் பிள்ளைய இங்க விட்டுட்டு மத்ததெல்லாம் அப்புடியே வச்சு ஓட்டிப் பாத்தா என்ன?"

அண்ணே என்னயப் பாத்தாரு, வண்டியப் பாத்தாரு, டிக்கியில இருந்த ஆட்டுக்கல்லப் பாத்தாரு. இத்தன தடவ வண்டிய வாங்கி ஓட்டுனவரு, எல்லாத் தடவையும் ஒத்த ஆளா ஓட்டியிருக்காரு. அது அப்பத்தான் அவருக்கு ஒறச்சிருக்கு. "ம்"னாரு. அப்புறம் வீராயிகிட்டப் போயி, "அம்மா, மருமக இங்க இருக்கட்டும். அவ எடத்துல நம்ம ஆளு ஒருத்தரு உக்காரட்டும். சாமானும் நீங்களும் அப்புடியே இருங்க. பசுமலை ஏத்தம் வரைக்கும் போயித் திரும்புவோம்"னாரு.

"போவோம். குதிரை மாதிரி ஓடும் பாருங்க"ன்னுச்சு வீராயி. சந்தோசமா ஏறி உக்காந்துச்சு.

போனாக. நானும் மயிலும் காதத் தீட்டிக்கிட்டு இருக்கோம். திரும்பி வாரது கண்ணுக்குத் தெரியிறதுக்கு முன்னாடியே காதுக்குத் தெரிஞ்சிருச்சு. நொண்டி நொண்டி வருது. மயிலு என் கையப் புடிச்சா, "அக்கா, நான் இங்கதான இருக்கேன்"னா. ஆமாத்தா, இங்கதான் இருக்கன்னேன்.

வீராயி எறங்கி முந்தானைய ஒதறிச் சொருகிக்கிட்டு, அசர்ற மாதிரி இல்ல. "அவ சாமான் வண்டிக்குள்ளதான கெடக்கு. ராசி அதுல ஒட்டிக்கிட்டு இருக்கும்."

வெல்டிங் அடிக்கிற குண்டு அண்ணன் ஒருத்தரு, "அப்ப ஆட்டுக்கல்லுக்கு யாரு பெரியம்மா தாலி கட்டுனது"ன்னாரு. பட்டறையே சிரிச்சிருச்சு. கருப்பையா கூட லேசாச் சிரிச்சான். அண்ணே சிரிக்கல. அதத்தான் நீ கவனிக்கணும். சிரிச்சா அந்தம்மாவுக்கு ரோசம் வரும், ரோசம் வந்தா அந்த நிமிசமே வேற வண்டி புடிச்சாச்சும் சாமானக் கொண்டுபோயி எறக்கிரும். அண்ணே ரொம்ப மரியாதையா, "அதுவும் சரிதான். எறக்கிப் பாத்துருவோம்மா"ன்னாரு.

சீரு சாமான் அம்புட்டையும் எறக்கி வேப்பமரத்து நெழல்ல வச்சோம். அதுக்குப் பதிலா எங்க பட்டறை இரும்பு, ஓட்டை கியர் பொட்டி, அப்புறம் அந்தக் குண்டு அண்ணன், எல்லாத்தையும் ஏத்துனோம். வீராயியும் ஏறுச்சு. விடுமா அது. மறுபடியும் பசுமலைக்குப் போயி மறுபடியும் நொண்டிக்கிட்டு வந்துச்சு வண்டி. இந்தத் தடவ வீராயி மெதுவா எறங்குச்சு. பொடி டப்பாவ எடுத்து ஒரு சிட்டிகை போட்டுச்சு, தும்முச்சு, "சரி"ன்னுச்சு. அந்தச் சரி எதுக்குன்னு யாருக்கும் தெரியாது.

அண்ணே இரும்ப எல்லாம் எறக்கச் சொன்னாரு. வண்டி காலி. "கருப்பையா, இப்ப நீயும் உம் பொஞ்சாதியும் மட்டும் போயிட்டு வாங்க. அதே பசுமலை."

மயிலு பின்பக்கக் கதவுகிட்டப் போயி நின்னா. நான் அவளப் புடிச்சு முன்பக்கம் ஏத்தி விட்டேன். கதவ அவளையே சாத்தச் சொன்னேன். பயந்து பயந்து சாத்துனா. போனாக பாரு, சத்தமே இல்ல. தையல் மிசினு ஓடுற மாதிரி போச்சு.

போச்சு, வரக் காணோம். போக வர ஆகுற நேரம் எல்லாருக்கும் தெரியும், அதுக்கு மேல ஆயிருச்சு. வீராயிக்கு இருப்புக் கொள்ளல. "நின்னு போச்சு. நான் சொன்னேன்ல, நின்னு போச்சு."

"நின்னிருக்காதும்மா"ன்னாரு அண்ணே. "சின்னஞ்சிறுசுக. வழியில எதாச்சும் கண்ணுல பட்டிருக்கும்."

வந்தாக. வண்டி வழுக்கிக்கிட்டு வந்து நின்னுச்சு. மயிலு எறங்குறா, தலையில ஒரு பந்து மல்லி. போறப்ப வெறுந்தலை. கருப்பையா இஞ்சினப் பாக்குறவன் மாதிரி பானட்டையே மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்கிறான். வீராயி அந்தப் பூவ ஒரு தடவ பாத்துச்சு, அங்கிட்டுத் திரும்பிக்கிருச்சு.

அண்ணே அப்பத்தான் வாயத் தொறந்தாரு. "பாரம் ஏறுனாத்தான் நொண்டுது. பாரம் ஆட்டுக்கல்லா இருந்தாலும் சரி, ஆளா இருந்தாலும் சரி." அம்புட்டுத்தான் சொன்னாரு. யாரு சொன்னது தப்பு, யாரு சொன்னது சரின்னு ஒரு வார்த்தை இல்ல.

இனிமேதான் நம்ம தொழிலு. பாரம் ஏறுனா மட்டும் மிஸ் அடிச்சா, பொறி எங்கயோ வழியில நழுவுதுன்னு அர்த்தம். எனக்கு இது எப்புடி வெளங்குச்சுன்னா, வண்டி காலியா இருக்கிறப்ப பொறி வயரு வழியா சமத்தா பிளக்குக்குப் போயிரும். பாரம் ஏத்தி மிதிச்சோம்னா உள்ள அழுத்தம் கூடிப் போயி, பிளக்குல பாயிறது அதுக்குச் செரமம். கூட்டமான பஸ்ஸுல ஏற முடியாதவன் பக்கத்துல வார மாட்டு வண்டியில தாவிக்கிற மாதிரி, வயர்ல எங்கயாச்சும் தோலு போயிருந்தா அந்த வழியா வெளிய தாவிரும். பிளக்குக்குப் பொறி இல்ல, அந்தக் குத்து விட்டுப் போகும்.

ஆனா பட்டப்பகல்ல பொறிய எப்புடிப் பாக்குறது? அண்ணே லாரிப் படுதாவ எடுத்தாரச் சொன்னாரு. பானட்டத் தொறந்து வச்சு, அதுக்கு மேல படுதாவப் போட்டு மூடி, உள்ள தலைய விட்டுப் பாக்கணும். அவரு வழக்கமா அவரேதான் பாப்பாரு. அன்னைக்கு என்னயப் பாத்து, "நீ போ. அம்மாவையும் உள்ள கூட்டிக்க"ன்னாரு. ஏன்னு நெனைக்கிற? வீராயி கண்ணால பாக்கணும். அவரு உள்ள இருந்தா, ஆம்பளையோட ஒரே படுதாக்குள்ள அந்தம்மா தலைய விடுமா? அதான் நான்.

ரெண்டு பேரும் நொழஞ்சோம். உள்ள கும்மிருட்டு. இஞ்சினு அனலு, மண்ணெண்ணெய் வாடை, பொடி வாடை. சேலை முந்தானைய ரெண்டு பேரும் இறுக்கிச் சொருகியிருக்கோம், காத்தாடி பக்கத்துலயே சுத்துதுல்ல. அண்ணே வெளியில இருந்து, "கருப்பையா, சடார்னு மிதிச்சு விடு"ன்னாரு. மிதிச்சான். வயருக்கு அடியில இருந்து இஞ்சினு இரும்புக்கு நீலமா ஒரு நூலு தாவுச்சு. சிட்டுச் சிட்டுன்னு சத்தம். மறுபடியும் மிதிச்சான், மறுபடியும் தாவுச்சு.

வீராயி எங்கையக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, "அடியே, என்னடி அது மின்னுது"ன்னுச்சு.

"அதாம்மா உங்க வண்டியோட நொண்டி."

"இதுவா?"

"இதுவேதான்."

செத்த நேரம் அந்தம்மா அதையே பாத்துச்சு. கருப்பையாவ இன்னொரு தடவ மிதிக்கச் சொல்லி அதட்டுச்சு. மத்தாப்பு பாக்குற மாதிரி பாத்துச்சுன்னு வையேன்.

இஞ்சின நிறுத்திப் படுதாவ எடுத்தோம். வயரக் கழட்டித் திருப்பிப் பாத்தா, மேல் பக்கம் புதுசு, அடிப்பக்கம் ரப்பரெல்லாம் கொறிச்சுக் கெடக்கு, கம்பி பல்லக் காட்டுது. எலி. வயரு இருந்த எடத்துல குழியா ஒரு எடம், வெரல விட்டு வழிச்சேன். கையில வந்தது என்னங்குற? பொரி. நாலஞ்சு பொரி, ஒடச்ச கடலை, வெல்லம் பிசுக்குன்னு ஒட்டிக்கிட்டு, கூடவே எலிப் புழுக்கை.

உனக்கு ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன் பாரு. வீராயிக்கு அந்த வண்டின்னா உசுரு. மகன் கல்யாணம் முடிஞ்சதும் சோடியப் பாத்து ஊருக் கண்ணு பட்டுரும், வண்டியப் பாத்தும் பட்டுரும்னு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பானட்டத் தொறந்து இஞ்சினு பக்கத்துலயே பொரி, கடலை, வெல்லம் வச்சு சாம்பிராணி போட்டுச்சாம். ஆயுத பூசைக்கு எல்லாரும் வண்டிக்கு முன்னால வெப்போம், அந்தம்மா உள்ளயே வச்சிருச்சு. இஞ்சினுக்கு நேராப் போயிச் சேரட்டும்னு. கருப்பையா சிரிச்சுக்கிட்டே ஒரு தடவ எங்ககிட்டச் சொல்லியிருக்கான். வெல்ல வாசத்துக்கு வந்த எலி, பொரியத் தின்னுட்டுச் சும்மா போகுமா. மருமக வந்ததும் வண்டி நொண்டுனதும் ஒண்ணாச் சேந்தது இப்புடித்தான். ரெண்டுமே அந்தக் கல்யாணத்துலருந்துதான் ஆரம்பம்.

எனக்கு வாயி துறுதுறுன்னு வருது. "ஏம்மா, நீங்க வச்ச பொரிதான இது"ன்னு கேக்க வாயத் தொறந்துட்டேன். அண்ணே வந்து நச்சுன்னு எங்கால மிதிச்சாரு. அவரு செருப்பு டயரு செருப்பு. கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. கைய மூடிக்கிட்டேன்.

"எலிம்மா. எலி கடிச்சிருக்கு"ன்னாரு.

"எங்க வீட்டுலயா? எங்க வீட்டுல ஏது எலி?"

"எலி இல்லாத வீடு எங்கம்மா இருக்கு. எங்க பட்டறையில பூனைய அது வெரட்டுது." அப்புறம் வயரத் தொடச்சுக்கிட்டே, யாருக்கோ சொல்ற மாதிரி சொல்றாரு, "சாமிக்கு வெக்கிறத இனிமே வண்டிக்கு முன்னால தரையில வைங்கம்மா. உள்ள ஒரே சூடு. சாமி எப்புடி வந்து நிக்கும்?"

வீராயி ஒண்ணும் அசடு இல்ல. எம் மூடுன கையப் பாத்துச்சு. அண்ணே மூஞ்சியப் பாத்துச்சு. கொண்டைய அவுத்து, ஒதறி, நிதானமா முடிஞ்சுச்சு. "ஆமா, உள்ள சூடுதான்"னுச்சு.

நான் அப்புறமா அண்ணேகிட்டச் சண்டைக்குப் போனேன். அந்தப் பிள்ளைய அம்புட்டுப் பேச்சுப் பேசுன பொம்பளைய நாலு பேருக்கு நடுவுல நிறுத்திக் கேக்க விடாம இப்புடிக் கால மிதிக்கிறீகளேன்னு. அண்ணே சொன்னாரு, "வயர மாத்துனா வண்டி போயிரும். அந்தப் பிள்ளை எங்க போகும்? அந்த வீட்டுக்குத்தான. அங்க இந்தம்மா கையாலதான சோறு வாங்கித் திங்கணும்." அம்புட்டு நீளமா அவரு பேசி நான் கேட்டதே இல்ல. கோளாறக் கண்டுபிடிக்கிறதோட நம்ம வேல முடிஞ்சு போச்சுன்னு நெனைக்காதத்தா. கண்டுபிடிச்சத யாருக்கு முன்னாடி, எந்த வார்த்தையில சொல்றங்குறதும் அந்த வேலையில சேந்ததுதான். இன்னொண்ணும் அன்னைக்குத்தான் எனக்கு மண்டையில ஏறுச்சு. வயரு புதுசுன்னு சொல்லி அதுமேல யாருக்கும் சந்தேகம் வரல. பொண்ணு புதுசுன்னு சொல்லி மொத சந்தேகமே அவமேல வந்துச்சு. அதனால உங்க பட்டறையில புதுசுன்னு சொல்லி எதையும் தடவிப் பாக்காம விடாதீக. அடிப்பக்கம் கைய விட்டுப் பாருங்க.

வேற வயரு போட்டு, இஞ்சினுல ஒரசாம எடுத்து விட்டு மாட்டுனோம். இப்ப மரத்தடியில சீரு சாமான் கெடக்கு. கருப்பையா கயித்தக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான். "ஆத்தா, ஏத்தவா?"

"ஏத்து"ன்னுச்சு.

எங்க எல்லாருக்கும் சப்புன்னு போச்சு. அண்ணே திரும்பி வெத்தலைப் பையத் தேடுனாரு. ஆட்டுக்கல்லத் தூக்கி வச்சுக் கட்டுனாங்க. அண்டா, கொடம், வெளக்கு, எல்லாம் பின்னால ஏறுச்சு. மயிலு பழைய எடத்துல, பின்சீட்டு இடுக்குல போயி நொழையப் போனா. பூவக் கூட ஒரு கையால மறச்சுக்கிட்டா பாவம்.

"முன்னால ஏறு"ன்னுச்சு வீராயி.

"அத்தை?"

"முன்னால ஏறுடின்னா. எனக்கு வெயிலு மூஞ்சியில அடிக்கிது." சொல்லிட்டு அண்டாவ ஒதுக்கி அதுவே பின்னால நொழஞ்சு உக்காந்துக்கிருச்சு.

வண்டி கெளம்புச்சு. முழுப் பாரம், ஒரு குத்து விட்டுப் போகல. நான் மண்ணெண்ணெய்க் கையோட வாசல்ல போயி நின்னேன். அண்ணே வந்து பக்கத்துல நின்னாரு. காளவாசல் முக்குல எடது பக்கம் திரும்புனா செக்கானூரணி ரோடு. வலது பக்கம் அரசரடி, கருப்பையா வீடு. வண்டி முக்குல போயி நின்னுச்சு. நிக்கிது, நிக்கிது. பின்னால வந்த மாட்டு வண்டிக்காரன் சத்தம் போடுறான். அப்ப கருப்பையாவோட வலது கை ஜன்னலுக்கு வெளியில நீண்டுச்சு. வண்டி அரசரடிப் பக்கம் திரும்பிப் போச்சு. அண்ணே "ம்"னாரு.

உள்ள என்ன நடந்துச்சுன்னு மயிலு எனக்கு அப்புறமாச் சொன்னா. முக்குல நிறுத்தி அவன், "ஆத்தா, எங்கிட்டு விட"ன்னு கேட்டானாம். "எங்கிட்டுன்னா? வீட்டுல உளுந்த ஊறப் போட்டுட்டு வந்திருக்கேன், யாரு ஆட்டுறது, உங்கப்பனா?"ன்னுச்சாம். நெனச்சுப் பாரு செல்வி. ஆட்டுக்கல்லத் தூக்கி வண்டியில வச்சுட்டு, உளுந்த ஊறப் போட்டுட்டு வந்திருக்கு அந்தப் பொம்பளை. நாம என்னமோ வயரக் கண்டுபிடிச்சுத்தான் அந்தக் குடும்பத்தச் சேத்து வச்சோம்னு இருக்கோம். அது காலையிலயே திரும்புற யோசனையோடதான்...

ஏய், ஏய், ஆடு. செல்வி, அந்தக் கம்ப எடுத்தா. மோர் மொளகாயில வாய வச்சிருச்சு பாரு சனியன், அம்புட்டும் நேத்து உப்புல போட்டு எடுத்தது. த்தூ, போ அங்கிட்டு. நீ அந்தத் தட்டிய இழுத்துச் சாத்துத்தா, நான் மொறத்த எடுத்துட்டு வாரேன்.